சாவடி இல்லாத வானவழி

2025 நவம்பர் 24 இரவு ஆனைமலைக்கு மேலே வானத்தில் சாம்பல் ஏதும் இல்லை. கார்த்திகை பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆழியாற்றங்கரைத் தோப்புக்காரர்களுக்கும், மாசாணியம்மன் கோயில் வீதியில் கடை அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் அது மற்றுமோர் இரவு. ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் புறப்படும் கொச்சி விமான நிலையத்தில், துபாய்க்கும் ஜெத்தாவுக்கும் போகவேண்டிய இரண்டு விமானங்கள் அன்று ரத்தாகியிருந்தன. கண்ணூரிலிருந்து அபுதாபிக்குப் பறந்துகொண்டிருந்த ஒன்று வழியிலேயே அகமதாபாத்துக்குத் திருப்பப்பட்டது. துபாயிலிருந்து சென்னைக்கு வரவேண்டியது வரவில்லை. மறுநாள் சென்னை–மும்பை விமானம் ஒன்றும் நின்றது. காரணம், எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில், நம்மில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேட்டிராத ஹெய்லி குப்பி என்ற எரிமலை. நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, அது வெடித்திருந்தது. கடந்த சுமார் 12,000 ஆண்டுகளில் அது வெடித்ததற்குப் பதிவே கிடையாது என்றார்கள் எரிமலைக் கணக்கு வைத்திருப்பவர்கள். சாம்பல் 14 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் மேலாக அரபிக்கடலுக்கு வந்து, குஜராத், ராஜஸ்தான், டெல்லி வழியே இரவோடு இரவாக நகர்ந்து, செவ்வாய்க்கிழமை இரவுக்குள் சீனத்தை நோக்கிப் போய்விட்டது.

நாளிதழ்களுக்கு அது இரண்டு நாள் செய்தி. பணம் திரும்ப வந்ததா, மாற்று விமானம் கிடைத்ததா என்ற கேள்விகள் உரியவர்களுக்கு அப்போது பெரியவை. அவற்றைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. விசா முடியும் தேதியை எண்ணிக்கொண்டு நிற்கிறவனுக்கு ஒரு நாள் என்பது ஒரு வேலை. ஆனாலும் அந்தச் சாம்பல் வந்த தடத்தை வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டே வந்தால், கொங்கு நாட்டுக்காரர்களாகிய நமக்குக் கொஞ்சம் நின்று யோசிக்க ஒரு விஷயம் அகப்படுகிறது. ஹெய்லி குப்பியிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தென்கிழக்கே, செங்கடல் குறுகி இந்தியப் பெருங்கடலுக்குத் திறக்கும் வாசலில், ஏமன் கரையில், ஒகேலிஸ் என்று பழங்காலத்தில் ஒரு துறை இருந்தது. அங்கிருந்து, ஹிப்பலஸ் என்று அக்கால மாலுமிகள் பெயரிட்ட காற்று வீசினால், நாற்பது நாளில் நம் மேற்குக் கரையின் முசிறியை அடையலாம் என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்தார். அந்தக் கப்பல்கள் கொண்டுவந்த காசு முசிறிக் கரையோடு நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வந்து, வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் பானை பானையாகப் புதைந்து கிடந்தது. வெள்ளலூரில் 1842-ல் கிடைத்த ஒரு புதையலில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள். காங்கேயத்தை அடுத்த படியூரின் பச்சைக்கல்லும், கொடுமணலில் பட்டை தீட்டிய மணிகளும், மலைச்சரக்கான மிளகும் அதே கணவாயைச் சார்ந்த வழிகளில் பயணப்பட்டன. செங்கடற்கரையில் எகிப்தின் பழைய துறைமுகங்களில் தோண்டியபோது தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேக்கு என்று கருதப்படும் மரமும் அங்கே கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் நாற்பது நாள் பிடித்த அந்தக் கடல்வழியின் மேலே, ஏறத்தாழ அதே திசையில், சாம்பல் ஒரே நாளில் கடந்துபோயிற்று.

அந்த மாலுமிகளுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேகத்தில் இருப்பதாகத்தான் வழக்கமாக நினைத்துக்கொள்கிறோம். நிற்பதை அவர்கள் எப்படிக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜூலையில் புறப்பட்டால்தான் தென்மேற்குக் காற்று கிடைக்கும். வந்து சேர்ந்தபின் திரும்பிப் போக டிசம்பர், ஜனவரியில் காற்று திசைமாறும்வரை இங்கேயே இருக்கவேண்டும். இரண்டு மூன்று மாதம் ஊர் பேர் தெரியாத கரையில் கிடப்பது அவர்களுக்கு விபத்தாகவோ தண்டனையாகவோ தோன்றியிருக்காது. பயணம் என்றாலே அந்த இருப்பும் சேர்ந்ததுதான். அந்த இடைவெளியில்தான் சரக்கு மலையிலிருந்து இறங்கியது, கடன் எழுதப்பட்டது, மணிகள் கோக்கப்பட்டன, பாஷை பழகியது. வணிகம் என்று இன்று நாம் சொல்வதில் பாதி அந்தக் காத்திருப்பில் நடந்த வேலை. காற்று வராத மாதத்தில் கப்பலை இறக்குகிறவனை வீரன் என்று யாரும் சொல்லவில்லை. துறையறியாதவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

காற்றைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லவேண்டும். இந்த நிலத்தின் குணத்தை உண்டாக்கியதே அதுதான். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான ஒரு திறப்பு. மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் இதைப்போல் இன்னொன்று கிடையாது. ஆனி, ஆடியில் அந்தத் திறப்பின் வழியே புகும் மேல்காற்று உள்ளூர்க் காற்று என்று தோன்றும். அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் நிலநடுக்கோட்டைத் தாண்டி, சோமாலியா அருகே வேகம் பிடித்து, அரபிக்கடலை ஒரே மூச்சில் கடந்து வருகிறது. தரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக்குள் ஓடும் அந்தக் காற்றாற்றை 1969-ல் ஃபிண்ட்லேட்டர் என்ற வானிலையாளர் விவரித்தார். ஒகேலிஸிலிருந்து கிளம்பிய மாலுமி அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அதன்மேல் பாய் விரித்துவிட்டான். இன்று கேத்தனூரிலும் பூலவாடியிலும் உடுமலைப் பக்கத்துக் காடுகளிலும் காற்றாலைகள் சுற்றுவது அதே காற்றால்தான். நவம்பரில் சாம்பலைக் கொண்டுவந்த காற்று வேறு. பத்துக் கிலோமீட்டர் உயரத்தில், குளிர்காலம் நெருங்கும்போது வட இந்தியாவின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகமான காற்று அது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அது சாம்பலை டெல்லிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. நாம் அதன் பாதைக்கு வெகு தெற்கே இருக்கிறோம். அதனால்தான் ஆனைமலை வானம் அன்று தெளிவாக இருந்தது. ஆனாலும் நம்முடைய பயணங்கள் நின்றன.

எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பலைப் போல மெத்தென்று இருக்குமென்று எண்ணினால் தவறு. பாறையும் கண்ணாடியும் மாவாக நொறுங்கிய பொடி அது. ஜெட் எஞ்சினுக்குள் உள்ள சூட்டில் அந்தக் கண்ணாடி உருகும். உருகியது, சற்றுக் குளிர்ந்த சுழலிதழ்களில் போய் ஒட்டி மறுபடி இறுகும். காற்றுப் போகும் வழி அடைபடும். 1982 ஜூன் 24 இரவு, கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் தெரியாமல் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 263 பேருடன் அது 37,000 அடியிலிருந்து சறுக்கி இறங்கி, சாம்பலுக்குக் கீழே சுத்தமான காற்றுக்கு வந்தபின், ஒட்டியிருந்த கண்ணாடி குளிர்ந்து உதிர, எஞ்சின்கள் மீண்டும் பற்றின. பொடியால் தேய்ந்து மங்கிய முன்கண்ணாடி வழியே சரிவரப் பார்க்க முடியாமலே ஜகார்த்தாவில் இறக்கினார்கள். இரவில் அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாது. விமானத்தின் வானிலை ராடார் நீர்த்துளியைக் காட்டுமே தவிர அதைக் காட்டாது. 1989 டிசம்பரில் அலாஸ்காவில் ஒரு கேஎல்எம் விமானத்துக்கும் இதே கதி நேர்ந்து, அதுவும் தப்பிப் பிழைத்தது. உலக வானத்தை ஒன்பது பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாம்பல் எச்சரிக்கை மையம் வைக்கும் ஏற்பாடு இந்த அனுபவங்களிலிருந்து பிறந்தது. ஹெய்லி குப்பியின் சாம்பலை முதலில் தொடர்ந்து அறிவித்தது பிரான்சின் துலூஸ் மையம். சென்னையில் சாம்பல் இல்லாதபோது சென்னை விமானம் ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கும் பதில் இதில் உண்டு. சாம்பல் படர்ந்த பகுதிகளுக்கு மேலே பறந்து வந்த விமானங்களை நிறுத்தி எஞ்சினைச் சோதித்தார்கள். சோதனையில் நிற்கும் விமானம் அடுத்துப் போகவேண்டிய ஊருக்குப் போக முடியாது. மலை வெடித்தது ஓரிடம், பயணி நின்றது ஓரிடம்.

இதைவிடப் பெரிய நிறுத்தம் 2010 ஏப்ரலில் வந்தது. ஐஸ்லாந்தின் எய்யாஃப்யாத்லயோகுத்ல் என்ற, வாயில் நுழையாத பெயருடைய பனிமலை 14-ஆம் தேதி வெடித்து, ஐரோப்பிய வானம் ஏறக்குறைய ஒரு வாரம் அடைபட்டது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாகி, ஒரு கோடிப் பேர் அங்கங்கே நின்றார்கள். கென்யாவில் ஏற்றுமதிக்குப் பறித்த பூக்கள் குவியலாக வாடின. விமானச் சரக்கு நின்ற அந்த வாரம், ஐரோப்பாவில் வாங்குவோரை நம்பிய திருப்பூருக்கும் நிம்மதியான வாரமாக இருந்திருக்க முடியாது. அதுவரை துளி சாம்பல் இருந்தாலும் பறக்கக்கூடாது என்பதே விதி. அந்த வாரத்தின் நஷ்டத்தைப் பார்த்தபின், கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராம் வரை பறக்கலாம் என்று ஓர் அளவு வகுத்தார்கள். இயற்கையோடு மனிதன் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இப்படி, கைச்சேதத்துக்குப் பிறகுதான் எழுதப்படுகின்றன.

விமானம் என்ற ஒன்று வருமுன் சாம்பல் தொலைதூரத்தில் இருப்பவர் பயணத்தை நிறுத்தவில்லை. அது வேறு விதத்தில் வந்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் டோபா வெடித்தபோது படிந்த சாம்பல், ஆந்திரத்தின் கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரத்தில் இன்றும் வெள்ளை மண் படிவாக நிற்கிறது. அதற்கு மேலும் கீழும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைக்கின்றன. அதாவது அதையும் கடந்து இங்கே யாரோ இருந்திருக்கிறார்கள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. அதே ஆண்டில்தான் ஜான் சல்லிவன் கோயம்புத்தூர்க் கலெக்டராக வந்தார். நீலகிரிக்கு ஏறி உதகையை உண்டாக்கியவர் என்று நாம் அறிந்த அதே சல்லிவன். மறு ஆண்டு ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. இந்தியாவில் பருவமழை தடுமாறியது. 1817-ல் வங்கத்தில் காலரா பெருந்தொற்றாக எழுந்து, பிறகு சென்னை மாகாணத்துக்கும் இறங்கியது. தம்போராவுக்கும் அந்தக் காலராவுக்கும் முடிச்சுப் போடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஊகம் என்ற அளவிலேயே எடுத்துக்கொள்கிறேன். சல்லிவன் கச்சேரியில் உட்கார்ந்து நிலவரிக் கணக்குப் பார்த்தபோது, மழை ஏன் பிசகிற்று என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு மலையைக் காரணமாக நினைத்திருக்க அவருக்கு வழியில்லை. வரி கட்டிய உழவருக்கும் வழியில்லை.

1883-ல் வழி ஓரளவு பிறந்துவிட்டது. ஆகஸ்ட் 27 காலை கிராக்கட்டோவா வெடித்தபோது எழுந்த கடல் கொந்தளிப்பை நாகப்பட்டினம், சென்னைத் துறைகளின் அலையளவுக் கருவிகள் குறித்துக்கொண்டன. தந்தி வந்துவிட்ட காலம். செய்தி சாம்பலை முந்தியது. செப்டம்பர் இரண்டாவது வாரம் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாக உதித்து, பச்சையாக மறைந்தது. உயரே மேற்கு நோக்கி ஓடிய தூசி, சுமார் பதின்மூன்று நாளில் பூமியை ஒரு முறை சுற்றி மறுபடி நம் தலைக்கு மேல் வந்திருந்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். ஜனங்கள் என்னென்ன நினைத்துப் பயந்திருப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்கும். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித், நிறமாலைக் கருவியை அந்தப் பச்சைச் சூரியன்மேல் திருப்பிக் குறிப்பெடுத்தார். அவரே பிற்பாடு கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். கொடைக்கானல் இருக்கும் பழனி மலை, நமது ஆனைமலையின் கிழக்குக் கிளை. அந்த ஆய்வகம் அங்கே எழுந்ததற்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் மழை பொய்க்கும் காலத்தை முன்கூட்டி அறியலாமோ என்ற நப்பாசையில் பிறந்த யோசனையின் முடிவுதான் அது. தாது வருஷத்துக்கு எரிமலை காரணமில்லை. பசிபிக் கடல் சூடேறியதே பெருங்காரணம் என்று இன்று சொல்கிறார்கள். ஆனால் வானத்தில் எங்கோ நடப்பது நம் வீட்டுக் குதிருக்குள் வந்து முடியும் என்ற பாடத்தைக் கொங்கு நாடு அந்த வருஷத்தில் கற்றது. 1871-ல் இருந்ததைவிட 1881 கணக்கெடுப்பில் கோயம்புத்தூர் ஜில்லாவின் ஜனத்தொகை குறைந்திருந்தது. அவர்கள் காலத்தில் வானம் பிசகினால் உலையில் அரிசி இருக்காது. நம் காலத்தில் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. இந்த இறக்கத்துக்காக நாம் நன்றியோடு இருக்கலாம்.

இருந்தும் அவர்களிடம் இருந்து நம்மிடம் இல்லாமல் போன ஒன்று உண்டு. கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் சாலையில் கே.ஜி. சாவடி என்று ஓர் ஊர். பேருந்தின் பலகையில் அந்த இரண்டெழுத்தைப் பார்த்துப் பழகியவர்களில் பலர், அது கந்தே கவுண்டன் சாவடி என்பதை மறந்திருப்பார்கள். வழிப்போக்கர் தங்க ஒரு கூரை. அதை ஏற்படுத்தியவன் பெயரால் ஊர். அதற்கும் வெகு முன்னே, ஒன்பதாம் நூற்றாண்டில், சோழர் இதே கணவாய் வழியை இராசகேசரிப் பெருவழி என்று பெயரிட்டு, சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் தமிழிலும் வட்டெழுத்திலும் பொறித்தார்கள். வழிக்குப் பெயர் வைப்பதும், அதற்குக் காவல் சொல்வதும், வழியில் நிற்பவனுக்கு நிழல் தருவதும் ஒரே பொறுப்பின் பகுதிகளாக இருந்தன. சாவடி, சத்திரம், வண்டிப்பேட்டை, தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல், கோடையில் தண்ணீர்ப் பந்தல் என்று, நடப்பதற்கு ஆன செலவில் ஒரு பகுதியை இந்தச் சமூகம் நிற்பதற்காகவே செலவிட்டது. வாழைத்தோட்டம் வைத்தவன் சத்திரத்துக்கு இலை எழுதிவைத்தான். நெல்லும் நிலமும் எழுதிவைத்தவர்களும் உண்டு. வெள்ளம் வடியாமல் ஆற்றங்கரையில் மூன்று நாள் கிடக்க நேர்ந்தவன் அந்த மூன்று நாளும் யாரோ ஒருவருடைய விருந்தாளி.

யாரோ ஒருவருடைய என்று எளிதாக எழுதிவிட்டேன். எல்லாருக்கும் அந்தத் திண்ணை கிடைத்துவிடவில்லை. சத்திரத்துக்குள் எந்தச் சாதிக்கு எந்தக் கூடம் என்ற கணக்கு இருந்தது. கிணற்றடிக்கு வரக்கூடாதவர்கள் என்று ஒரு பெரும் கூட்டம் இருந்தது; அவர்களுக்கு மழையில் மரத்தடிதான் சாவடி. தாது வருஷத்தில் பஞ்சம் பிழைக்கக் கிளம்பியவர்களை இந்த ஏற்பாடுகள் தாங்கவில்லை. ரயில்பாதை போத்தனூரைத் தொட்டுச் சுமார் பதினைந்து ஆண்டு ஆகியும் தானியம் இருந்த இடத்துக்கும் பசி இருந்த இடத்துக்கும் இடையே தூரம் குறையவில்லை. பின்னாளில் ஆனைமலையின் உச்சிக் காடுகளை அழித்து வால்பாறையில் தேயிலை நட்டபோது, சமவெளியிலிருந்து கூட்டம் கூட்டமாக மலையேறிய தொழிலாளிகள் எந்தச் சாவடியின் விருந்தாளிகளாகவும் போகவில்லை. ஆகையால் பழையதைப் பொற்காலம் என்று போற்ற எனக்கு மனமில்லை. ஆனாலும், பயணம் இடையில் நின்றுபோகும், அப்படி நிற்பவனை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம், குறையோடாவது, அன்று பொதுப்புத்தியில் இருந்தது. நாம் நேரத்தைப் பட்டியலிட்ட நாளில் அந்த எண்ணத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். விமான நிலையத்தில் இருக்கைகளுக்கு நடுவே கைப்பிடி வைத்திருப்பதைப் பார்த்தாலே, படுக்கிறவனை அந்தக் கட்டடம் எதிர்பார்க்கவில்லை என்று தெரியும்.

இந்த எண்ணத்தை இன்றைய மொழியில் மறுபடி எழுதியது, விநோதமாக, ஓர் ஐரோப்பிய நீதிமன்றம். 2010 சாம்பலில் போர்ச்சுகல் நாட்டு ஊர் ஒன்றில் ஒரு வாரம் சிக்கிக்கொண்ட அயர்லாந்துப் பயணி ஒருவர், தம் உணவுக்கும் தங்கலுக்கும் ஆன சுமார் 1,100 யூரோவைக் கேட்டு ரயன்ஏர் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார். எரிமலை வெடித்ததற்கு நாங்கள் என்ன செய்வோம் என்பது நிறுவனத்தின் வாதம். 2013 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எரிமலை அசாதாரணச் சூழல்தான், அதற்காக இழப்பீடு தரவேண்டாம்; ஆனால் நின்றுபோனவர்களுக்கு உணவும் இடமும் தரும் கடமைக்கு நாள் வரம்பும் இல்லை, பண வரம்பும் இல்லை என்றது. சொல்லப்போனால், நெடுநாள் நிற்க நேரும்போதுதான் பயணிக்கு அந்தக் கவனிப்பு மிக அவசியம் என்பது அதன் பார்வை. நம்மூர்ச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, ரத்தான விமானத்துக்கு மாற்று விமானமோ பணத்தைத் திரும்பப் பெறுவதோ பயணியின் உரிமை. இயற்கைச் சீற்றம் போன்றவற்றால் ரத்தானால் அதற்குமேல் இழப்பீடு கிடையாது. விதி இப்படி இருக்க, பணம் உடனே வந்தவர்களும் உண்டு, மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதியவர்களும் உண்டு. நியாயம் கிடைக்காதவர்கள் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசிவிட்டுப் போகும் வழக்கம் மாசாணியம்மன் கோயிலில் இருக்கிறது. அந்த வரிசையில் விமானச் சீட்டோடு யாரும் நின்றார்களா என்று தெரியாது, நின்றிருந்தால் வியப்பதற்கில்லை.

ஹெய்லி குப்பியின் சாம்பல் போய் ஒரு வாரம் கழித்து, டிசம்பர் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான உள்நாட்டு விமானங்கள் நாடு முழுவதும் ரத்தாகின. அப்போது எந்த மலையும் வெடிக்கவில்லை. விமானிகளுக்குப் போதிய ஓய்வு தரவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது அதற்கேற்ற ஆள் கணக்கு இல்லாமல் போனது காரணம். எரிமலை நிறுத்தியதைவிடப் பல மடங்கு பேரை ஒரு பணிமுறைப் பட்டியல் நிறுத்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பூமி வெடிப்பதால் வரும் நிறுத்தம் அபூர்வம் என்பதும், மனிதர் கணக்குப் பிசகுவதால் வரும் நிறுத்தம் வழக்கமானது என்பதும் விளங்கும். நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் அவன் கேட்பது ஒரு நம்பகமான தகவல், ஒரு வேளைச் சோறு, தலைசாய்க்க ஓர் இடம்.

நமது பாலக்காட்டுக் கணவாய்க்கு நிற்பது புதிதுமில்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்து சோதனைச் சாவடிகள் எடுக்கப்படும்வரை, தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாறில் லாரிகள் மணிக்கணக்கில், சில நாள் விடிய விடிய, வரிசையில் கிடந்தன. ஓட்டுநர்கள் லாரி நிழலில் அடுப்பு மூட்டி, சோறாக்கி, தூங்கி எழுந்து, மறுபடி பத்தடி நகர்ந்தார்கள். வழிப்போக்கனைத் தங்கவைத்த சாவடி, வழிப்போக்கனைத் தடுத்துவைக்கும் சாவடியாக மாறியிருந்தது. வரிசை போனது நல்லது. 2020-ல் தொற்று வந்தபோது மறுபடியும் அதே எல்லையில் ஆட்கள் நின்றார்கள். இ-பாஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு காரணம் போனால் இன்னொன்று வந்து நிற்கிறது. அடுத்த சாம்பல் மேற்கிலிருந்துதான் வரவேண்டும் என்பதும் இல்லை. 2025 ஜூனில் இந்தோனேசியாவின் லெவொடோபி வெடித்தபோது டெல்லியிலிருந்து பாலிக்குப் போன விமானம் ஒன்று பாதியில் திரும்பியது. கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. அது போய்ச் சேரும் ஊருக்கு மறுகரையில், சுமத்ரா முழுக்க எரிமலைகள்.

பீளமேட்டில் 1940-ல் தொடங்கிய விமான நிலையத்துக்கு, பல ஆண்டு இழுபறிக்குப்பின் விரிவாக்க நிலம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஓடுபாதை நீளும், பெரிய விமானங்கள் இறங்கும், துபாய்க்கும் அப்பாலும் இங்கிருந்தே போகலாம் என்று தொழில் வட்டாரம் காத்திருக்கிறது. நியாயமான ஆசை, ஆனைமலையிலிருந்து கொச்சிக்கு இரவில் கார் பிடித்துப் போகிறவர்களுக்கும் அது நிம்மதி. அதே பீளமேட்டில், 1926-ல், ஒரு குடும்பத்தின் நான்கு சகோதரர்கள் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு என்று வைத்தார்கள். பி.எஸ்.ஜி. அறநிலையம் அப்படிப் பிறந்தது. அந்தப் பங்கு பள்ளிக்கும் கல்லூரிக்கும் பிறகு மருத்துவமனைக்கும் போயிற்று. அந்த நூற்றாண்டுக்கு அதுவே சரியான இடம், சத்திரம் கட்டியிருந்தால் குறையாகத்தான் தோன்றியிருக்கும். புது முனையத்துக்குப் பணம் போடுபவர்கள் கடைகளுக்கும் கார் நிறுத்தத்துக்கும் இத்தனை சதுர அடி என்று கணக்குப் போடுவார்கள். விமானம் போகாத இரவில் ஐந்நூறு பேர் படுத்தெழ ஒரு கூடம், குழந்தைக்குப் பால் காய்ச்ச ஓர் அடுப்பு, தமிழில் விவரம் சொல்ல ஓர் ஆள் என்று கேட்பதற்குக் கோவையில் தொழில் அமைப்புகள் இருக்கின்றன, அறக்கட்டளைகள் இருக்கின்றன, மாநகராட்சி இருக்கிறது. கட்டடம் இன்னும் எழும்பவில்லை.